முன்னால் போனவன்

சாலை வழியே போனால் நாலு கிலோமீட்டர்.
நகராட்சி பனியை வழித்து, சரளை தூவி,
விளக்கும் போட்டு வைத்திருக்கிறது.
காட்டு வழி ஒன்பது.
நான் ஒன்பதில் போகிறவன்.

ஏன் வெய்க்கோ என்பாள் ஹில்க்கா.
கண்ணாடி வில்லை தேய்க்கும் பட்டறையில்
எனக்கு அடுத்த மேசை.
பதிலுக்கு என் காலுறையைப் பிழிந்து காட்டுவேன்.
கைகழுவும் தொட்டியில் சேறு கிடப்பது பற்றி
மேலாளர் ஒட்டிய அறிவிப்பு
மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறது.
அதில் பெயர் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

தம்பெரேயில் நவம்பர் வந்தால் ஆணி டயர்.
அதைச் சமையலறைத் தரையில் உருட்டக் கூடாது
என்பது எங்கள் திருமணத்தின் எழுதாத சட்டம்.
கட்டைவிரலுக்கு லேசாக இணங்கும் வரை
காற்றை இறக்குவேன்.
சங்கிலிக்கு எண்ணெய். கைக்கு இரண்டு உறை.
ஆறு மணி இருட்டை
விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டித் தர
அந்தக் குழிக்குள் மிதித்துக்கொண்டே போவேன்.

வேர்கள் எனக்கு மனப்பாடம்.
இரட்டை வேர்.
ஈரத்தில் இடப்பக்கம் தள்ளும் வேர்.
போன செப்டம்பரில்
என் முன்பல்லில் ஒரு மூலையை வாங்கிக்கொண்ட வேர்.

டிசம்பரில் ஒரு நாள், இரவெல்லாம் பெய்த புதுப்பனி.
நான்தான் முதல் ஆள் என்று இறங்கினேன்.
இல்லை.
நடுப்பாதையில் ஒரு டயர் தடம்,
சதுரம் சதுரமாக, திசை சொல்லாத அச்சு.
பாதி தூர்ந்திருந்தது;
போய் ஒரு மணி நேரம் இருக்கும்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். தடம்.
ஐந்தரைக்கு. தடம்.
ஐந்தே காலுக்கு எழுந்தபோது மனைவி
எதுவும் கேட்காமல் திரும்பிப் படுத்தாள்.
தடம்.

கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொண்டேன்.
ஊற்றுக்கு மேலே செங்குத்துச் சரிவில்
பிரேக் பிடித்த கீறலே இல்லாமல் இறங்கியிருந்தான்.
ஓடைப் பலகையில் மட்டும் தள்ளாட்டம்.
ஒருநாள் பனியில் ஒரு முழங்கை அச்சு;
தனியாக நின்று சிரித்தேன்.
வயதான ஸ்புரூஸ் மரத்தருகே
காரணமே இல்லாமல் ஒரு வளைவு எடுப்பான்.
அழகுக்காக என்று நினைத்து
நானும் எடுக்கப் பழகினேன்.

ஜனவரியில் பனிமேல் மழை பெய்து உறைந்த காலை,
ஊற்றுச் சரிவில் தடத்தை ஒட்டிக் காலடிகள்.
இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.
விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.
பெருவிரல்கள் என்னைப் பார்த்து இருந்தன.

மேலே ஏறியிருக்கிறான்.
என் வீடு இருக்கும் பக்கமாக.
ஒவ்வொரு நாளும் எதிரே வந்திருக்கிறான்,
ஏதோ ராத்திரி வேலை முடித்து.
ரொட்டிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, டிராம் பணிமனையோ.
அவனா அவளா, அதுவும் தெரியாது.
காலடி என்னுடையதைவிடச் சின்னது.
பலகையில் தள்ளாடியது தூக்கம்.
நாலு வாரமாக நான் துரத்தியது
ஒருவர் வீடு திரும்பியதை.

அந்த ஸ்புரூஸ் மரத்தருகே நின்று
முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.
முறிந்த கிளை ஒன்று.
என் பக்கத்திலிருந்து போனால்
தோளைத் தடவி அனுப்பும்.
அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்
சரியாகக் கண்ணுக்கு நேரே, கூராக.

ஞாயிற்றுக்கிழமை கைரம்பத்தோடு போனேன்.
உறைந்த மரம், நினைத்ததைவிடப் பிடிவாதம்.
வியர்வை காதோரம் உறைந்தது.

திங்கள், தடம் வளைந்துதான் போயிருந்தது.
செவ்வாயும்.
புதன் பனி இல்லை, எதுவும் தெரியவில்லை.
வியாழன்
நேராக.

ஹில்க்காவிடம் சொன்னேன்.
ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே
முழுதும் கேட்டாள்.
சரி, முதலில்
அந்தக் காலுறையை மாற்று, என்றாள்.